பொறி வராத காலை

ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பது நேற்றுச் சாயங்காலம் கபூர் பாய் கடையில் நின்றபோது அமலோற்பவத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பாய் வெறும் விரலைக் காற்றில் திருப்பிக் காட்டினார். இவளும் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த விரல் எந்தப் பக்கம் போனது என்பதுதான் இப்போது நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. பாய் கல்லாவுக்கு அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம், அப்படியென்றால் அவருக்கு இடது இவளுக்கு வலது. ஆனால் புல்வெட்டும் மெஷினுக்கு எது வலது, அது இப்போது சாக்கின் மேல் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கிறதே, படுத்துக் கிடப்பதற்கு ஏது இடம் வலம். அவள் குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். ஸ்பார்க் பிளக் அசையவில்லை. உள்ளங்கையில் கம்பி பதிந்து வெள்ளையாய்க் கோடு விழுந்தது. மறு பக்கம் தள்ளினாள். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி என்ஜினின் தகடு தகடான விலாவில் போய் மோதியது. தோல் உரிந்த இடத்தில் ரத்தம் வருவதற்கு முன்னால் எரிச்சல் வந்தது. நாளைக்குக் கல்லறைத் திருநாள். நாளைச் சாயங்காலம் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது ஊரே மெழுகுவத்தியும் செவ்வந்தியுமாக கல்லறைத் தோட்டத்துக்குள் வந்து நிற்கும், தன் தன் ஆளின் பெயரைத் தேடும். பெயர் எங்கே தெரியப் போகிறது, ஐப்பசி மழையில் புல் முழங்காலுக்கு மேலே நிற்கிறது, சிலுவைகள் கழுத்து வரை முங்கிக் கிடக்கின்றன. அரிவாளால் அறுத்து முடிக்க இவளுக்கு நான்கு நாளாகும். இருப்பது இன்றைய பகல் ஒன்று. அதிலும் பதினொரு மணிக்கு வேன் வந்துவிடும்.

"இல்ல" என்றார் புருஷன் ஞானப்பிரகாசம், பின்னால் நாற்காலியிலிருந்து. இவள் திரும்பவில்லை. தன் பக்கம் இழுத்தபோதும் இல்ல என்றார், மறு பக்கம் தள்ளியபோதும் இல்ல என்கிறார், இரண்டுமே இல்லையென்றால் பிளக்கை என்ன வாயால் கடித்தா இழுப்பது. மாசி மாதத்திலிருந்து அவருக்கு இருப்பது அந்த ஒரே சொல்தான். வலது கையும் வலது காலும் போனபோது மற்ற சொற்களும் அவற்றோடு போய்விட்டன. மூளையில் பேச்சு இருக்கிற பக்கத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்று மதுரை டாக்டர் பேனாவால் படம் போட்டுக் காட்டினார். மிச்சம் நின்றது இது ஒன்று. எத்தனையோ நல்ல சொல் இருக்க, இது ஏன் நிற்க வேண்டும்? சாப்பிடுறீங்களா என்றால் இல்ல என்பார், தட்டை வைத்தால் நன்றாகச் சாப்பிடுவார். சாப்பிடும்போதே இல்ல, இல்ல என்று தலையை ஆட்டிக்கொள்வார், ருசிக்கிறதாம். கோயில் பங்குப் பேரவைச் செயலாளர் டோமினிக் வந்து "அண்ணே, என்னைத் தெரியுதா?" என்று குனிந்து கேட்டபோது சிரித்துக்கொண்டே இல்ல என்றார். டோமினிக் முகம் விழுந்துவிட்டது, தெரியுதுன்னுதாங்க சொல்றாரு என்று இவள்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. அப்படிச் சமாளித்துச் சமாளித்து, அவர் சொல்வது காதில் விழுவதே நின்று போயிற்று. மின்விசிறியின் கடகடப்பு மாதிரி, அது பாட்டுக்கு ஓடுகிறது.

கல்லை எடுத்து ஸ்பேனரின் கம்பியில் ஒரு போடு போட்டாள். பாய் அடிக்காதீங்கக்கா என்றுதான் சொன்னார், உள்ளே பீங்கான் இருக்கு, உடைஞ்சு விழுந்தா என்ஜினே போச்சு. உடையட்டும். உடைந்தால் மாற்றத்தானே போகிறேன். இரண்டாவது போட்டுக்கு ஏதோ கிறீச்சென்றது. உடைந்ததா, இளகியதா? பயந்து பயந்து திருப்பினாள், வந்தது. வந்ததை நம்ப முடியவில்லை. எந்தப் பக்கம் திருப்பினோம் என்று அப்போதும் கவனிக்கவில்லை, அடுத்த தடவையும் இதே பாடுதான். அடுத்த தடவை என்று ஒன்று இருக்கப் போகிறதா என்பது வேறு விஷயம். "கல்லறை வேலை முடியலைன்னா சொல்லிருங்கக்கா, வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம்" என்று டோமினிக் மரியாதையாகத்தான் சொன்னார். எல்லாரும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். வேற ஏற்பாடு என்றால் வேற ஆள், வேற ஆள் என்றால் வாசலோரத்து இந்த ஒற்றை அறை வீடும் அந்த ஆளுக்கு. பிளக் கைக்கு வந்தது. கன்னங்கரேலென்று, நுனி பெட்ரோலில் நனைந்து, உறிஞ்சிப் போட்ட பனங்கொட்டை மாதிரி இருந்தது. அந்த வாடை. இருபத்தாறு வருஷமாக அவர் சட்டையில் துவைத்தும் போகாத வாடை, கலியாணமான புதிதில் குமட்டியது, பிறகு பழகியது, இந்த எட்டு மாதமாக வீட்டில் இல்லாமல் போனது. இப்போது அவர் மேல் அடிப்பது தைலமும் மூத்திரமும். தூக்கி உட்கார வைக்கும்போது இவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். அது அவருக்குத் தெரியுமோ? தெரியும். அவள் மூச்சைப் பிடிக்கும்போது அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

பாய் சொன்னபடி பழைய பிளக்கை ரப்பர் தொப்பியில் மாட்டி, என்ஜின் உடம்பில் ஒட்டி வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். நீலமாய்ப் பொறி வரணும். வெயில் கூசியதால் சேலைத் தலைப்பைப் போர்வை போலப் பிடித்து, அதற்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இழுத்தாள். இருட்டு. இன்னொரு முறை. இருட்டு. சரி, செத்துவிட்டது, அதனால்தான் மெஷின் எடுக்கவில்லை, கணக்கு சரியாகத்தான் போகிறது. இப்போது புதியது. அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அது பீங்கான் வெள்ளையும் வெள்ளி மரையுமாக, தொடவே கூச்சமாயிருந்தது. இதை மட்டும் ஸ்பேனரால் ஏத்தாதீங்க, கையால ஏத்துங்க, மரை மாறி ஏறிருச்சுன்னா அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது என்றார் பாய். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியால் வைத்துத் திருப்பினாள். உட்காரவில்லை. எடுத்தாள், மறுபடி வைத்தாள். "இல்ல... இல்ல." உரிந்த முட்டி எரிந்தது. "சும்மா இருங்களேன் கொஞ்ச நேரம்" என்றாள் திரும்பாமலே. இவர் நன்றாயிருந்தபோது ஒரு நாளாவது, வாடி, இதை இப்படிக் கழட்டு, இப்படி மாட்டு என்று சொல்லியிருக்கிறாரா? மெஷினைத் தொட விடமாட்டார். கைப்பிடியில் வேர்வைக்கு வழுக்குகிறது என்று பழைய சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றி, அதைத் தடவித் தடவிப் பார்ப்பார், இவளைக் கூட அப்படித் தடவிப் பார்த்ததில்லை. போன ஆடியில் புல் வளர்ந்தபோது சாமியாருடைய டிரைவர் வந்து வெட்டிக் கொடுத்தான். இப்போது அவன் தங்கச்சி கலியாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டான், போனை எடுக்கிறானில்லை. எனக்கென்று பார்த்து எல்லாருக்கும் கலியாணம். மரை கவ்வியது. அவளுக்கு அது விரலில் தெரிந்தது, மெல்லிய ஒரு கடி. ஒரு சுற்று, இரண்டு சுற்று, வழவழவென்று இறங்கியது. வாழ்க்கையில் எதுவும் இப்படி இறங்கி இவள் பார்த்ததில்லை. ஸ்பேனர் போட்டு இறுக்கினாள். தொப்பியை அழுத்தினாள். எழுந்தபோது முழங்கால் சொடுக்கியது.

மெஷினை நிமிர்த்தி வைத்து, காலால் மிதித்துக்கொண்டு, கயிற்றை இழுத்தாள். இழுக்கும்போதே பயமாயிருந்தது, அது மெஷின் எடுக்காதோ என்கிற பயம் இல்லை, எடுத்துவிட்டால் அந்தச் சத்தம் வருமே என்கிற பயம். மாசி மாதம் அன்றைக்கு அவள் இதே வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கல்லறைகளுக்கு நடுவில் மெஷின் சத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு ஏறவே இல்லை, ஒரே இடத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தது. யாரையாவது பிடித்து வைத்துப் பேசிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். பெட்ரோலை வீணாக்குறாரு என்று நினைத்தாள். அதை நினைத்தது அவளுக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகமிருக்கிறது. கூடை முக்கால் நிறைந்தபோதுதான் எழுந்து போனாள். கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார், புல்லில் ஒரு கன்னம், பக்கத்தில் மெஷின் தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா, என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அந்த முடிக்காத பாதியை இவள் தினம் முடித்துப் பார்க்கிறாள். கயிறு வந்தது, போனது. வெறும் சரக் சரக். பத்து முறை, பதினைந்து முறை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. புது பிளக்கை மறுபடி கழற்றி, தலைப்புக்குள் குனிந்து இழுத்துப் பார்த்தாள். இருட்டு. புதிதிலும் பொறி இல்லை. புதிதே செத்துப் பிறந்திருக்கிறதா, பாய் ஏமாற்றிவிட்டாரா, இல்லை தன் கை பட்டாலே எல்லாம் இப்படித்தானா? போனில் மணி பார்த்தாள். ஒன்பதே முக்கால். அவருக்கு இன்னும் வேட்டி மாற்றவில்லை, பை கட்டியாகிவிட்டது, மருந்துச் சீட்டு பைக்குள்ளேயா அலமாரியிலா. வேன் போவது திருச்சிக்குப் பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்துகிற இல்லத்துக்கு. தூக்கி விட ஆள் இருக்கிறது, பயிற்சி கொடுக்க ஆள் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே மாமரம் இருக்கிறது என்று மகன் ஜெரால்டு போட்டோ அனுப்பினான். "நீயும் எத்தனை நாள்மா தூக்குவ?" என்றான், நல்ல பிள்ளைதான், திருப்பூரில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு இதற்காக லீவு போட்டு வருகிறான். இல்லம். அந்தச் சொல்லை முதல் தடவை கேட்டபோதே இவளுக்கு அதில் பாதி அவர் குரலில்தான் கேட்டது.

முந்தாநாள் அவரிடம் சொன்னாள். கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்த கையோடு சொன்னாள். இல்ல என்றார். இல்ல, இல்ல, இல்ல. கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் டிவியில் சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை ஓடி வந்தாலும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வழிகிறது, எல்லாம் அந்த ரத்தம் அடைத்ததன் வேலை, அதையெல்லாம் எடுத்துக்கக் கூடாதும்மா என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இவள் எடுத்துக்கொள்ளவில்லை.

"இல்ல! இல்ல!"

"என்னதாங்க இல்ல?" அவள் ஸ்பேனரைத் தரையில் ஓங்கி எறிந்துவிட்டுத் திரும்பினாள். "காலையிலருந்து நானும் பாக்குறேன், இப்பிடித் திருப்புனாலும் இல்ல, அப்பிடித் திருப்புனாலும் இல்ல. பிளக்கு இல்லையா? பெட்ரோலு இல்லையா? எனக்கு அறிவு இல்லையா? எது இல்லைன்னு சொல்லித் தொலைங்களேன்! ஒரு மனுசி எத்தனையத்தான் பாப்பா!"

கத்தியது சுற்றுச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ரோட்டில் போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுப் போனாள். ஞானப்பிரகாசம் அழவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது, அது அவருடைய பழைய கோபம், இந்த எட்டு மாதத்தில் அவள் பார்க்காதது. இடது கையால் நாலுகால் ஊன்றுகோலைத் தூக்கினார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்து அவள் நகரக்கூட இல்லை, அடிக்கட்டுமே. அவர் நாற்காலியிலிருந்து விழுந்துவிடுகிற அளவுக்குச் சாய்ந்து, ஊன்றுகோலின் ஒரு காலை மெஷினின் கைப்பிடியில் குத்தினார். தவறியது. மறுபடி குத்தினார். சைக்கிள் டியூபின் ஓரம் மடங்கி மேலேறியது. அதற்கு அடியில் சுண்டு விரல் நகம் அளவுக்குச் சிவப்பாக ஒரு ஸ்விட்ச் இருந்தது. "இல்ல" என்றார், மூச்சு வாங்க, மெல்ல, பிளக்கைப் பார்த்து. பிறகு ஊன்றுகோல் நடுங்க நடுங்க அந்தச் சிவப்பையே தொட்டுக்கொண்டிருந்தார்.

அவள் குந்தி உட்கார்ந்து அதைக் கட்டை விரலால் தள்ளினாள். டக்கென்று மறு பக்கம் போனது. பிளக்கைத் திரும்ப மாட்டினாள், மரை முதல் தடவையிலேயே கவ்வியது. மூன்றாவது இழுப்பில் மெஷின் இருமியது, வெள்ளையாய்ப் புகை கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. அவரைக்காய்க் கூடை, புல்லில் ஒரு கன்னம். அணைத்தாள். அதே சிவப்பைத் தள்ளி, தானே அணைத்தாள். ஆடி மாதம் டிரைவர் ஒழுங்காக அணைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அவ்வளவுதான். பழைய பிளக்கிலும் குற்றமில்லை, புதிதிலும் குற்றமில்லை. இந்தப் பக்கம் திருப்பினாலும் இல்ல, அந்தப் பக்கம் திருப்பினாலும் இல்ல, ஏனென்றால் பிளக்கே இல்ல. மனிதன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரமாக, முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன்னிடமிருக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு. அப்படியென்றால் டோமினிக்கிடம் சொன்னது? அது இல்ல இல்லை, அது ஆமா. அப்படியென்றால் சாப்பாடு? அதுவும் ஆமாதான். அப்படியென்றால் முந்தாநாள்? ஒரே சொல்லில் ஆமாவையும் இல்லையையும் எப்படிப் பிரிப்பது, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி உட்கார்ந்து பொறுக்க வேண்டும், யாருக்கு அதற்கு நேரம். அவள் அவர் முகத்துக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள்.

"உங்க பேரு ஞானப்பிரகாசமா?"

"இல்ல" என்றார். ஆனால் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, என்ன கேள்வி இது என்பது போல.

"ஜெரால்டு வர்றான். வேன்ல. சிஸ்டருங்க கிட்ட போறீங்களா?"

அவள் காத்திருந்தாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பது எட்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. கேட்ட மறு நொடியே பதிலைத் தானே சொல்லிக்கொண்டுதான் எல்லாம் நடந்திருக்கிறது. அவருடைய இடது கை ஊன்றுகோலை விட்டுவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்தது. விரல் முட்டிகள் வெளுக்கும்வரை பிடித்தது. "இல்ல" என்றார். அது கோபமாக இல்லை, அழுகையாகவும் இல்லை, வெறுமனே ஒரு மனிதன் ஒரு கேள்விக்குச் சொல்கிற பதிலாக இருந்தது. இருந்ததா? அவளாக அப்படி நினைத்துக்கொள்கிறாளா? நிச்சயமாகத் தெரியவில்லை. தெரிந்து கொள்ளவும் வழியில்லை.

போன் எடுத்தாள். முதல் மணியிலேயே ஜெரால்டு எடுத்தான்.

"அம்மா, ஒட்டன்சத்திரம் தாண்டிட்டோம். அப்பா ரெடியா?"

"நீ வா. கை கால் கழுவிட்டு ஒரு வாய் சாப்பிட்டுப் போ. அப்பா வரல."

"என்னம்மா? எல்லாம் பேசி முடிச்சாச்சுல்ல. யாரு சொன்னா?"

"அப்பாதான்."

"அப்பா சொன்னாரா? என்னன்னு சொன்னாரு?"

"இல்லன்னாரு."

"அம்மா, அவரு எல்லாத்துக்கும் அதைத்தானம்மா..."

"தெரியும்டா. கேட்டுத்தான் சொல்றேன்."

"உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"வா, பேசிக்கலாம். வரும்போது புல்லு வார்றதுக்கு யாராச்சும் ரெண்டு ஆளு கெடைப்பாங்களான்னு பாரு" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது. என்ன காரியம் செய்தாய். நாளைக்குக் காலையிலும் தூக்க வேண்டும், மறுநாளும் தூக்க வேண்டும், இந்த முதுகு எத்தனை நாளைக்கு. டோமினிக்குக்கு என்ன சொல்வது, மருமகளுக்கு என்ன சொல்வது, யாருக்கும் சொல்கிற மாதிரி ஒரு காரணமும் இல்லை. ஒரு ஸ்விட்சைக் கண்டுபிடித்தார், அதனால் அனுப்பவில்லை என்றா சொல்ல முடியும். சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே எரிச்சலாகத்தான் இருந்தது, அவர் மேலா, தன் மேலா, ஸ்விட்சுக்கு மேலே டியூபைச் சுற்றிய அந்தப் பழைய ஆள் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத எரிச்சல். அந்த எரிச்சலோடேயே மெஷினின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவர் கண்ணில் படுகிற மாதிரி முதல் வரிசையிலிருந்தே ஆரம்பித்தாள். கயிறு, புகை, சத்தம். புல் சாய்ந்து விழுந்தது. பச்சை வாடை பெட்ரோல் வாடையோடு கலந்து முகத்தில் அடித்தது. ஒரு சிலுவை இடுப்பு வரை வெளியே வந்தது, அந்தோணியம்மாள் என்ற பெயரில் முதல் நாலு எழுத்து தெரிந்தது. ஒரு பொடிக்கல் தெறித்துக் கணுக்காலில் சுள்ளென்று பட்டது. சத்தத்துக்கு மேலாக, வாசல் பக்கமிருந்து, "இல்ல! இல்ல!"

கேட்காதது போல இன்னும் நாலு வீச்சு வீசினாள். அணைத்தால் திரும்ப எடுக்குமோ எடுக்காதோ. பதினொன்று ஆகப் போகிறது. இன்னும் பதினேழு வரிசை. "இல்ல!" பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்பைத் தள்ளினாள். சட்டென்று விழுந்த அமைதியில் காது ரீங்கரித்தது. வாரைக் கழற்றி மெஷினைக் கல்லறை மேல் சாய்த்து வைத்துவிட்டு, முப்பது அடி நடந்து வந்து அவர் முன்னால் குந்தினாள்.

"என்னங்க? தண்ணியா?" அவர் கண் அசையவில்லை. "வெயிலா? நாற்காலியைத் தள்ளிப் போடவா? ஒண்ணுக்கா?" இல்ல என்று சொல்லக்கூட இல்லை, அவள் முகத்தைப் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள். ரப்பர் செருப்பு. சேலை ஓரத்துக்குக் கீழே கணுக்காலில் கல் பட்டு ரத்தம் ஒரு கோடாக இறங்கிச் செருப்பு வாரில் நின்றிருந்தது. அவர் இடது கை மெல்ல உயர்ந்து, அவளைத் தாண்டி, வீட்டுக்குள் கதவு மூலையைக் காட்டியது. அங்கே அவருடைய முழங்கால் உயர கறுப்பு பூட்ஸ் இரண்டும் எட்டு மாதத் தூசியோடு ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

அவள் போய் எடுத்து வந்து, தலைகீழாகத் தட்டி, பல்லி முட்டை ஒன்று உருண்டு விழுந்ததை ஒதுக்கிவிட்டு, படியில் உட்கார்ந்து காலை நுழைத்தாள். இரண்டு அளவு பெரியது. நடந்தால் லொடக் லொடக்கென்றது. "இதை நான் ஆரம்பிக்கும்போதே சொல்றதுக்கென்ன?" என்றாள் சிடுசிடுவென்று, எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே.